வெறுங்காலுடன் நடத்தவும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. முதலில் நலம் என்று எழுத வேண்டும், அடுத்தது நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. ஆகையால் நலம். ஆவல் இருக்கிறதா இல்லையா என்பது கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும். உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். சௌக்கியமில்லாததைத்தான் இங்கே அனுப்பிவிட்டாயே.

எழுத்துப் பிழை இருந்தால் அதற்கும் நீதான் பொறுப்பு. நான் நாலாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் நீ பிறந்தாய். உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். மற்ற பிள்ளைகளைப் போல ஒரு வயதில் நடந்திருந்தாயானால் நான் திரும்பப் போயிருப்பேன். நீ பதினாறு மாதம் எடுத்துக்கொண்டாய். இறக்கிவிட்டால் அழுகை, தூக்கினால் கடி. அதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. தேதி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை குதிரை டாக்டர் வருகிறார். நீ கொடுத்த குதிரை எங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் சிமெண்ட் முற்றத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நொண்டாமல் நடந்து காட்ட வேண்டும். நடந்தால் இங்கே இருக்கும். நடக்காவிட்டால் இரண்டே வழிதான் என்கிறான் உன் மருமகன், அதாவது என் மகன். ஒன்று, ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பது. இல்லாவிட்டால் உன்னிடமே திருப்பி அனுப்புவது. ஊசி என்ற பேச்சே என் காதில் விழக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆகையால் சனிக்கிழமை காலையில் நீ வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உன் இடத்துக்கு என்ன, ஓடைக்கரை, கண்ணுக்கெட்டின தூரம் பச்சைப் பசேல். அங்கே கிடந்து நிம்மதியாக மேயட்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் நின்று, இந்தச் சீக்கு உன்னிடம் இருந்தபோதே வந்தது, அதை மறைத்துத்தான் எங்கள் தலையில் கட்டினாய் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சாட்சி இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. குதிரையின் காலிலேயே இருக்கிறது. முதலில் நான் பட்ட பாட்டைக் கேள், சாட்சி எங்கேயும் ஓடிவிடாது, அதற்கு நடக்கவே முடியாது.

பேத்தி பரீட்சையில் முதலாவதாக வந்தால் பேனா கொடுக்கலாம், கைக்கடிகாரம் கொடுக்கலாம். நீ குதிரை கொடுத்தாய். வண்டியிலிருந்து இறக்கும்போது என் முதுகில் தட்டி, மாப்பிள்ளை மாதிரி வைத்துப் பார்த்துக்கொள் அக்கா என்றாய். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பேர் நின்றுவிட்டது. பேரும் பொருத்தம்தான். நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் தூக்கம், ஒரு வேலை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. பேத்தி பதினோரு நாள் சவாரி செய்தாள். பன்னிரண்டாம் நாள் மேல்படிப்புக்கு விடுதிக்குப் போய்விட்டாள். மகனுக்கு ஆபீஸ். மருமகளுக்கும் ஆபீஸ். வீட்டில் மிஞ்சினது நானும் மாப்பிள்ளையும். இப்படியே ஆறு மாதம் ஓடியது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மகன் அவசரத்தில் பின்கதவைச் சாத்தாமல் ஆபீசுக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி தன் வீட்டு முன்னால் புல்தரை வளர்க்கிறார், தெரியுமோ. வளர்க்கிறார் என்றால் பிள்ளை வளர்ப்பது போல. அதன் மேல் அவருடைய பெண்டாட்டியே கால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை நாலு காலையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நின்று, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் சவரம் செய்தது போல மேய்ந்திருக்கிறது. அதிகாரி வெளியே வந்து பார்த்துவிட்டுக் கத்தக்கூட இல்லை. உள்ளே போய் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தார். அதில் நகல் என்று மூன்று பேர் பெயர் போட்டிருந்தது. அந்த மூன்று பேரும் யார் என்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்து பார்த்தால் மாப்பிள்ளை முன்னங்கால் இரண்டையும் நீட்டி முட்டுக்கொடுத்து, பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து, பந்தியில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டவன் நாற்காலியில் சாய்வது போல நிற்கிறது. ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்கிறது. குளம்பைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி சுடுகிறது. டாக்டர் வந்தார். நீளமாக ஒரு பேர் சொன்னார், அதில் பாதி அவர் வாயிலேயே நின்றுவிட்டது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். "குளம்புக்கு உள்ளே இருக்கிற சதை வீங்கிப்போச்சு பாட்டி. வீங்கறதுக்கு உள்ள எடமில்ல. சின்ன செருப்புல கால மாட்டிக்கிட்ட மாதிரி. ஆனா இந்தச் செருப்பக் கழட்ட முடியாது" என்றார். எதனால் வந்தது என்று கேட்டதற்கு, இளம்புல்லில் இருக்கிற சர்க்கரை, உடம்பில் ஏற்கெனவே ஏறியிருக்கிற சர்க்கரை என்றார். குதிரைக்குச் சர்க்கரை. எனக்குச் சர்க்கரை வந்தபோது இந்த வீட்டில் யாராவது நாற்காலியை விட்டு எழுந்தார்களா? வயசானால் வரும் என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தார்கள். குதிரைக்கு வந்ததும் தராசு வாங்கினார்கள். வைக்கோலை நிறுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, அதிலிருக்கிற இனிப்பு இறங்கின பிறகு கொடுக்கிறார்கள். எனக்கு இன்றைக்கு வரைக்கும் சோற்றை யாரும் நிறுத்துப் போட்டதில்லை.

கேட்டுக்கொள். லாடம் அடிப்பவரை வரவழைத்து நாலு காலிலிருந்தும் இரும்பைக் கழற்றினார்கள். பாதத்துக்கு மெத்தென்று ஏதாவது கட்ட வேண்டும் என்றார் டாக்டர். அதற்கென்றே செய்த காலுறையை மகன் தருவித்தான். வந்தது. ஆட்டுக்குட்டிக்குத்தான் சேரும். என்ன செய்வது என்று அரை நிமிஷம் யோசித்தான், நேராக என் அறைக்குப் போனான், என் பஞ்சு ரப்பர் மெத்தையில் இரண்டு காலுக்கு இரண்டு வட்டம் வெட்டி எடுத்து, குளம்பில் வைத்து ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டான். நான் கேட்டதற்கு, ஓரமாப் படுத்துக்கோம்மா, ஓட்டை நடுவுலதானே இருக்கு என்கிறான். மருமகள் கைபேசியில் குதிரை வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் காலுக்கு ஐஸ் வை என்றார், ஒருவர் வைக்காதே என்றார், ஒருவர் தினமும் அதன் காதில் நல்ல வார்த்தையாக நாலு சொல்லுங்கள் என்றார். அவள் மூன்று நாள் சொன்னாள், என்னிடம் பதினெட்டு வருடத்தில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். அந்த மனிதர் வளர்ப்பது மீன் என்று பிறகு தெரிந்தது. இதற்கு நடுவில் துணி வெளுப்பவர் கடையில் நான், மாப்பிள்ளைக்குக் கால் முடியவில்லை, எழுந்து நடமாடவே கஷ்டப்படுகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வெளுப்பவர் பெண்டாட்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளை எங்கே என்றாள். கொட்டகையைக் காட்டினேன். அவள் அங்கே நின்று பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எங்கள் வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றியதோ. அந்த ஆப்பிள் மாப்பிள்ளைக்கு ஆகாது, சர்க்கரை. எனக்கு ஆகாது, சர்க்கரை. மருமகள் தின்றாள்.

மூன்று வாரம் கழித்துச் சூடு இறங்கியது. இனி மெதுவாக நடக்கவைக்க வேண்டும், நடந்தால்தான் குளம்பில் ரத்தம் ஓடி புதுசாக வளரும் என்றார் டாக்டர். அத்தை படிக்கிற மாதிரி தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று மருமகள் சொன்னதால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், நீயே நியாயம் சொல். "தினமும் இரு வேளை, வேளைக்குப் பத்து நிமிடம், வெறுங்காலுடன், மெத்தென்ற தரையில் நேராக நடத்தவும். சிறு வட்டமாகத் திருப்பக் கூடாது. பச்சைப் புல் கூடாது. இனிப்பு கூடாது." பச்சைப் புல் எனக்குச் சொன்னதில்லை என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் நடத்துகிறவளுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். நடத்தவும் என்றால் நடத்துகிறவள் யார்? நான். வெறுங்காலுடன் என்றால் யாருடைய காலுடன்? என் காலுடன். ஏதோ மருத்துவ முறை, குதிரைக்கு நம்பிக்கை வரட்டும் என்று வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டேன்.

முதல் நாளே கூத்து. எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். சிறு வட்டமாகத் திருப்பக் கூடாது என்றால் அந்தச் சந்தில் குதிரையைத் திருப்பவே முடியாது. சரி, நேராகப் போவோம், எங்கே அகலமாக இடம் இருக்கிறதோ அங்கே திருப்புவோம் என்று போனேன். வெளுப்பவர் கடை தாண்டியாச்சு, தபால் நிலையம் தாண்டியாச்சு, மரக்கடை வாசலில் கொட்டின மரத்தூள் மேலேயே ஓரமாக நடந்து கடைசியில் பேருந்துப் பணிமனைக்குள் நுழைந்துவிட்டோம். பேருந்து திரும்புகிற இடமல்லவா, குதிரை தாராளமாகத் திரும்பும். திருப்பினேன். அங்கே இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தால் வீட்டை விட்டுக் கிளம்பிச் சரியாகப் பத்து நிமிடம். வேளைக்குப் பத்து நிமிடம் என்றுதானே சீட்டில் இருக்கிறது? காலை வேளை முடிந்துவிட்டது. இனிமேல் ஒரு அடி நடந்தாலும் சாயங்கால வேளையில் சேர்ந்துவிடும். ஆகையால் ஏழாம் எண் நிறுத்தத்தில் ஒரு தூணில் மாப்பிள்ளையைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன், சாயங்காலம் வரட்டும் என்று.

நேரம் குறிக்கிறவர் ஊதலோடு ஓடி வந்தார். "இது எந்த ரூட்டும்மா?" என்றார். சாயங்காலம் நாலு மணி ரூட்டு என்றேன். நடத்துநர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தன் மாப்பிள்ளையின் முதுகைத் தட்டி, "உள்ள போ உள்ள போ, பின்னாடி எடம் இருக்கு" என்றான். இன்னொருத்தன் இது எங்கள் வண்டியை விட நேரத்துக்குக் கிளம்பும் போலிருக்கிறதே என்றான். நான் சீட்டை எடுத்துக் காட்டினேன். நேரம் குறிக்கிறவர் இரண்டு தரம் படித்தார். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவர், எழுத்தில் இருப்பதை மீற மாட்டார். சரிதான், நாலு மணி வரைக்கும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஏழாம் எண் பேருந்தை எட்டாம் எண்ணுக்கு மாற்றி அறிவித்தார். இங்கே வீட்டில் என்ன நடந்தது என்றால், கிழவியும் இல்லை குதிரையும் இல்லை என்று தெரிந்ததும் மகன் ஆபீசிலிருந்து ஓடி வந்து தெருத் தெருவாகத் தேடியிருக்கிறான். ஒரு மணிக்குப் பணிமனையில் எங்களைப் பார்த்ததும் அவன் முதலில் குனிந்து தொட்டுப் பார்த்தது குதிரையின் குளம்பை. அதையும் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் போய்த் திரும்பி வருவது ஒரு வேளை என்று கணக்கை மாற்றினார்கள். நாலு வாரம் அப்படியே நடந்தேன். மாப்பிள்ளை நாளுக்கு நாள் தேறியது. தலையை ஆட்டாமல், அடியைத் தயங்காமல், என் வேகத்துக்கு என் பக்கத்திலேயே வந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் டாக்டர் வந்தவர் குதிரையின் காலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், திரும்பும்போது என் காலைப் பார்த்தார். பித்த வெடிப்பும் தழும்புமாக இருக்கிறதே, ஏன் பாட்டி செருப்பு போடவில்லை என்றார். நீங்கள்தானே எழுதினீர்கள் என்றேன். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. "வெறுங்கால்னா குதிரைக்கும்மா. லாடம் இல்லாமன்னு அர்த்தம்" என்றான் மகன். நான் விட்டேனா? "லாடத்தத்தான் சீட்டு எழுதறதுக்கு மூணு வாரம் முன்னாடியே கழட்டியாச்சே. கழட்டினதுக்கப்புறம் கழட்டுன்னு எவனாவது எழுதுவானா?" என்றேன். டாக்டர் சீட்டை வாங்கி, தான் எழுதினதைத் தானே மூன்று தரம் படித்துவிட்டு, இலக்கணப்படி பாட்டி சொல்வதிலும் ஒரு அர்த்தம் வருகிறது என்றார். நாலாம் வகுப்பு படித்திருந்தால் இந்த அவமானம் எனக்கு வந்திருக்குமா? இதையும் உன் பேரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே எனக்குப் புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தடிமனான அடி, உள்ளே பஞ்சு. அதைப் போட்டுக்கொண்டு நடத்தத் தொடங்கின நாலாம் நாளே மாப்பிள்ளை பழையபடி நொண்ட ஆரம்பித்துவிட்டது. நேற்று தபால் நிலையம் வரைக்கும்கூட வரவில்லை. பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தது. அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமைப் பரீட்சை.

இனி சாட்சி. போன வாரம் லாடக்காரர் குளம்பைச் சீவ வந்தார். இப்போது லாடம் அடிப்பதில்லை, ஆனாலும் மாதம் ஒரு தரம் வந்து அரம் போட்டு ஒழுங்கு செய்துவிட்டுப் போகிறார். அவர் குளம்பைத் தடவி, அதில் வளையம் வளையமாக மேடு ஓடுவதைக் காட்டினார். உடம்புக்குக் கேடு வந்தபோதெல்லாம் குளம்பில் ஒரு வளையம் விழுமாம். அப்புறம் நகம் வளர வளர அது கீழே இறங்குமாம். "மேல மயிர் முடியற எடத்துலேருந்து மாசத்துக்கு அரை விரல் இறங்கும் பெரியம்மா. எங்க இருக்குன்னு பாத்தா எப்ப வந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றார். எனக்கு அந்தக் குளம்பின் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது பார். அவர் போனதும் நான் உட்கார்ந்து விரலை வைத்து அளந்தேன். மேலே ஒரு வளையம், அது இந்தத் தரம் வந்த சீக்கு. என் விரலுக்கு ஒன்றரை வந்தது. அப்படியானால் மூன்று மாதம் ஆக வேண்டும், இரண்டு மாதம்தானே ஆகிறது என்று கொஞ்சம் இடித்தது. குளம்புக்கும் ஒரு மாதம் முன்னே பின்னே மறதி இருக்காதா என்று விட்டுவிட்டேன். கீழே இன்னொரு வளையம். ஐந்து விரல். அதாவது பத்து மாதம். மாப்பிள்ளை இங்கே வந்து எட்டு மாதம். இப்போது சொல், இங்கே வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னாடியே வந்த சீக்கு யார் வீட்டில் வந்தது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா அக்கா என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டாயே. பல்லைத்தானே பார்க்கக் கூடாது. குளம்பைப் பார்க்கக் கூடாது என்று எவனும் சொல்லவில்லை. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். தள்ளினது குதிரை, குழி பறித்தது நீ.

ஆகையால் சனிக்கிழமை வா. ஒப்புக்கொள். ஏற்றிக்கொண்டு போ. வராவிட்டால் இந்த ஜன்மத்தில் உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலை நீ மிதிக்க வேண்டாம்.

உன் வீட்டில் செல்வம் நிறையட்டும், உன் முட்டிவலி நீங்கட்டும், உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும், உன் நாக்கில் உண்மை வந்து தங்கட்டும் என்று மனசார ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குத் தபால்தலை இல்லாமல் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசு வரவில்லை. ஆகையால் மேலே எழுதினதைப் படித்துவிட்டு இதையும் படி. வண்டி அனுப்பாதே.

காலையில் டாக்டரும் லாடக்காரரும் வந்தார்கள். நான் கயிற்றைத் தொட மாட்டேன் என்று ஓரமாக நின்றுகொண்டேன். மகன் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து சரளைக்கல் வழியாகவே இழுத்து வந்தான். முற்றத்து ஓரத்தில் மாப்பிள்ளை நின்றது, பின்னால் சாய்ந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாமாவை வண்டியோடு வரச் சொல்லிவிடலாம் என்றான். அங்கே மேய்ச்சல் எப்படி என்று கேட்டார் டாக்டர். பச்சைப் பசேல் என்று இருக்கும் என்று இவன் பெருமையாகச் சொல்கிறான். "அப்ப அனுப்பறதுக்கு ஊசியே மேல். அந்தப் புல்லுல ஒரு வாரம் தாங்காது" என்றார். அந்தப் பச்சைக்கு நானே அல்லவா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

செருப்பை உதறிவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். திரும்பக் கொட்டகைக்குக் கூட்டிப் போய், அங்கே பரப்பியிருக்கிற மரத்தூள் பக்கமாகச் சுற்றி, சுவர் நிழலில் கொண்டுவந்தேன். சிமெண்டில் ஏறினதும் என் காலில் ஒரு பொடிக்கல் குத்தியது. விலகினேன். அதுவும் விலகியது. இன்னொன்று குத்தியது. விலகினேன். அதுவும் விலகியது. நாலு வாரமும் இதைத்தான் செய்திருக்கிறோம், எனக்கே தெரியாமல். குத்துகிற இடத்தை என் கால் பார்த்துச் சொல்ல, மாப்பிள்ளை மெத்தென்ற இடத்தில் மட்டும் நடந்திருக்கிறது. செருப்புப் போட்ட கால் கல்லைப் பார்ப்பதில்லை, அதனால் நான் கல்லிலேயே நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் குதிகாலை முதலில் ஊன்றி, தலையை ஆட்டாமல் நடந்தது தம்பி. டாக்டர் அந்தப் பழைய சீட்டை வாங்கி, நடத்துபவரும் வெறுங்காலுடன் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மருமகள் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்களாம், மீன்காரர் உள்பட.

குதிரை இங்கேயே இருக்கும். அது முடிந்தது. இன்னொரு விஷயம் உனக்கு மட்டும். எல்லாரும் உள்ளே போனதும் லாடக்காரரைப் பிடித்து, அந்தக் கீழ் வளையத்தை அளந்து பத்து மாதம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், என் தம்பிக்கு எழுத வேண்டும் என்றேன். அவர் குனிந்து விரலை வைத்தார். அவர் விரலைப் பார்த்திருக்கிறாயா? இரும்பைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொன்றும் வாழைக்காய். மூன்றேகால் விரல்தான் வந்தது. "ஆறரை மாசம் பெரியம்மா" என்றார். நான் அளந்தது என் விரலால். அவர் சொன்னது அவர் விரலை. ஆறரை மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை உன் வீட்டில் இல்லை, என் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சர்க்கரை என்று மருமகள் இனிப்பு ரொட்டியை நிறுத்தினாள். நான் ஒரு டப்பா நிறைய வாங்கிக் கொட்டகை உத்தரத்தில் வைத்திருந்தேன். தினமும் மத்தியானம் எனக்கு ஒன்று. பார்த்துக்கொண்டே நிற்கிறதே என்று அதற்கு ஒன்று. அது தலையை என் தோளில் வைத்தால் இன்னும் ஒன்று. டப்பா தீர்ந்தால் மறுபடி ஒரு டப்பா. அப்போது அது இரண்டு நாள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது, ஈ கடிக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஆகையால் அடுத்த சனிக்கிழமை வெறுமனே வா, சாப்பிட்டுவிட்டுப் போ. மேலே உன்னைச் சொன்னதையெல்லாம் நீ பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், சின்ன வயசிலிருந்தே உனக்கு எதுவும் மனசில் தங்காது. இங்கே யாருக்கும் அந்த டப்பா விஷயம் தெரியாது, தெரிய வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. உன் பெண்டாட்டி கண்ணில் மட்டும் படக் கூடாது. அவள் எதையும் மறக்க மாட்டாள்.